மீட்டரும் முன்பணமும்: ஒரு தேன் நிறுவனத்தில் தலைமுறை வேறுபாடு குறித்த நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேன் கொள்முதல் செய்து, சுத்தப்படுத்தி, பாட்டிலில் அடைத்து விற்கும் தனியார் நிறுவனம் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. தந்தை தொடங்கியதை இப்போது மகன் நடத்துகிறார். வேலை செய்பவர்கள் நாற்பது பேருக்குள். பெயரைச் சொல்லவில்லை, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு தேன் பருவத்தில் இங்கே மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. பல வருடமாகத் தேன் கொடுத்துவந்தவர்களில் பலர் வேறு வியாபாரிகளிடம் போய்விட்டார்கள். ஆய்வகத்தில் இருந்த பெண் ராஜினாமா கடிதம் கொடுத்தார். கொள்முதல் பொறுப்பாளர் பருவத்தின் நடுவில் சில நாட்கள் வேலைக்கே வரவில்லை. நிர்வாக இயக்குநர் என்னை அழைத்துச் சொன்னது இது: "தலைமுறைப் பிரச்சினை சார். பழைய ஆட்களுக்கும் புதுப் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகல. நீங்க வந்து பேசிச் சரிபண்ணணும்."

பேசிச் சரிபண்ணும் விஷயமாக அது இருக்கவில்லை. ஏன் என்று சொல்ல, முதலில் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தொழிலும் அதன் வருடக் கணக்கும்

குமரி மாவட்டத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது. மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலை உதிரும். அடுத்து தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்துச் சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். இங்கே ஈக்கள் திரட்டும் மதுரம் பூவைவிடத் தளிரிலிருந்தே அதிகம். மாசி, பங்குனியில் அறுவடை. குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கத்துத் தோட்டங்களில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும்.

அது முடிந்தால் மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. அந்த மாதங்களில் ஈக்களுக்கு வெளியே தீனி குறைவு. சர்க்கரைப் பாகு வைத்துத்தான் கூட்டத்தைப் பிழைக்க வைக்க வேண்டும். ஆக, தேன் வளர்ப்பவருக்கு வரவு இரண்டு மூன்று மாதம்; செலவு மீதி வருடம் முழுக்க. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இந்தத் தொழில் இங்கே சும்மா வளர்ந்ததல்ல. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப்புற மையத்தை மார்த்தாண்டத்தில் நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் காலத்திலிருந்து பெட்டியில் தேனீ வளர்க்கும் பயிற்சி இந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்குக் கிடைத்துவந்தது. மூன்று தலைமுறையாகத் தேன்பெட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பிறகு 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. கூட்டுப்புழு ஆவதற்கு முன்பே புழுக்கள் நீர் கோத்த பைபோல ஆகிச் செத்துவிடும். மருந்து கிடையாது. நம் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை கேரளத்திலும் குமரியிலும் ஒன்றிரண்டு வருடத்தில் அழிந்தன. தப்பித்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மறுபடி எழுந்தது. அந்த நாட்களில் காலிப் பெட்டிகளை விறகாக எரித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மூன்று பேர்

கொள்முதல் பொறுப்பாளருக்கு வயது 61. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நோய் வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். சொந்தமாகப் பெட்டிகள் வைத்திருந்தார், ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகுதான் இந்த நிறுவனத்தில் சேர்ந்தார். யாருடைய பெட்டி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது, எந்தச் சரிவில் தளிர் முதலில் வரும், யார் வீட்டில் எப்போது பணமுடை, எல்லாம் அவர் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டிலும் தலையிலும் இருந்தன.

ஆய்வகப் பெண்ணுக்கு 25. வேதியியலில் முதுகலை. வீட்டில் கல்விக்கடன் பாக்கி இருக்கிறது. கூடப் படித்தவர்கள் குழித்துறையில் காலை ரயில் ஏறித் திருவனந்தபுரம் வேலைக்குப் போகிறார்கள். ஊரிலேயே படிப்புக்கேற்ற வேலை கிடைத்ததில் இவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற வைராக்கியமும் இருந்தது.

மூன்றாவது ஆள் பாட்டிலில் அடைக்கும் பிரிவின் மேற்பார்வையாளர், நாற்பதைத் தாண்டிய பெண். கணவர் வளைகுடாவில். நிர்வாக இயக்குநர் என்னிடம் பிரச்சினையை விவரித்தபோது இவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கொட்டகையில் நடந்தது

சென்னைக்கு அனுப்பிய சரக்கில் ஒரு பகுதி நுரைத்துப் புளித்துத் திரும்பி வந்தது. அதில்தான் எல்லாம் தொடங்கியது. தேனில் ஈரம் கூடினால் ஈஸ்ட் பெருகும், புளிக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி விற்பனைக்கு வரும் தேனில் ஈரப்பதம் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தியத் தேனீ ரப்பர் தோட்டத்தில் சேர்க்கும் தேன் பல நேரம் அதைவிட நீர்ப்பாக இருக்கும். ஆலையில் மிதமாகச் சூடாக்கி ஈரத்தை இறக்குவார்கள். ஆனால் மிகவும் நீர்ப்பான தேன் உள்ளே வந்தால் ஆலையாலும் சமாளிக்க முடியாது.

சரக்கு திரும்பியதும் நிர்வாகம் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கியது. ஒரு சொட்டுத் தேனைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரப்பதம் தெரியும் கருவி. கொள்முதல் கொட்டகையில் ஆய்வகப் பெண்ணை நிறுத்தினார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் கேனைத் திருப்பி அனுப்பு என்று உத்தரவு.

மாசியின் முதல் வாரத்திலேயே மோதல். தலைச்சுமையாகவும் ஆட்டோவிலும் கேன் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் திருப்பப்பட்டார்கள். அவர்களுக்கு அவமானமாகப் போய்விட்டது. அப்பா காலத்திலிருந்து இங்கே தேன் அளக்கிறவர்கள் அவர்கள். அண்ணாச்சி எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "மக்ளே, கண்ணாடியில ஒரு சொட்டு வச்சுப் பார்த்தா தேனுக்க சங்கதி தெரிஞ்சிருமா?" அந்தப் பெண்ணும் விடவில்லை. "தெரியும் சார். அதுக்குத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்காங்க."

சாயங்காலம் ஆய்வகம் பூட்டிய பிறகு, திருப்பி அனுப்பிய கேன்களில் பலவற்றை அண்ணாச்சி மறுபடி உள்ளே எடுத்துவிட்டார். மறுநாள் இருப்புக் கணக்கைப் பார்த்து அந்தப் பெண் அதிர்ந்துபோனார். இது சில வாரம் ஓடியது. இடையில் கேன் திரும்பியவர்கள் சிலர் ஒரேயடியாக விலகிப் போனார்கள். கடைசியில் ராஜினாமா கடிதம். அதைக் கேள்விப்பட்டு, பழி தன்மேல்தான் விழும் என்று அண்ணாச்சியும் வீட்டில் இருந்துவிட்டார்.

முதல் மருந்து நோயைக் கூட்டியது

எனக்கு முன்பே நிர்வாகம் நாகர்கோவிலில் ஒரு விடுதியில் ஒருநாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தது. வெளியூர்ப் பயிற்சியாளர். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பேபி பூமர், அடுத்தவர்கள் ஜென் எக்ஸ், 1981 முதல் மில்லேனியல், 1997 முதல் ஜென் இசட் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தை எழுதிக் காட்டியிருக்கிறார். பூமர் விசுவாசி, ஆனால் மாற மாட்டார். இசட் வேகம், ஆனால் பொறுமை கிடையாது.

இவற்றில் பூமர் எல்லை, அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறப்பு விகிதம் ஏறி, 1960களின் நடுவில் இறங்கியதை வைத்து வரைந்தது. அருமனையில் 1963இல் பிறந்தவரின் வாழ்க்கையில் அந்த எல்லைக்கு ஒரு வேலையும் இல்லை. விளைவு என்னவென்றால், பயிற்சிக்குப் பிறகு நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் இளைஞர்கள் பெரியவர்களைப் 'பூமர்' என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் எந்தப் பிசகு நடந்தாலும் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று முடித்துக்கொண்டார்கள். அதுவரை இரண்டு பேருக்கு இடையில் இருந்த வழக்கு, மொத்த அலுவலகத்தையும் இரண்டாகப் பிரித்துவிட்டது.

ஆராய்ச்சியும் இந்தப் பட்டியலுக்குத் துணை நிற்கவில்லை. வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று, வேலையை விடும் எண்ணம் ஆகிய மூன்றிலும் தலைமுறைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று 20 ஆய்வுகளைத் தொகுத்து டேவிட் காஸ்டான்சாவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் பார்த்தார்கள். வேறுபாடு சிறியது, பல ஒப்பீடுகளில் ஏறக்குறைய இல்லை என்றே கண்டார்கள். 2020இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்களின் குழு இதையே விரிவாக ஆராய்ந்து, பணியாளர் நிர்வாகத்துக்குத் தலைமுறைப் பெயர்களை அடிப்படையாக வைப்பதற்கு ஆதாரம் போதாது என்றது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வயதினால் வருவது ஒன்று: அறுபதில் ஓய்வைப் பற்றிய கவலை, இருபத்தைந்தில் நிலைத்து நிற்க வேண்டிய கவலை. காலத்தினால் வருவது இன்னொன்று: யுபிஐ வந்த பிறகு எல்லா வயதினரும் மாறினார்கள், கேன் கொண்டுவரும் பாட்டாவும் கைபேசியில் பணம் வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். மூன்றாவது, இளமையில் பட்ட பெரிய அனுபவத்தினால் வருவது. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இல் எழுதிய கட்டுரையில் தலைமுறை என்று சொன்னது இந்த மூன்றாவதைத்தான். ஒரே வருடத்தில் பிறப்பது மட்டும் போதாது, ஒரே நிகழ்வில் சேர்ந்து அகப்பட்டிருக்க வேண்டும். அப்படி அகப்பட்டவர்களும் அதை ஒரே விதமாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது என்றார் அவர்.

இந்த மூன்றையும் கலந்து "தலைமுறைப் பிரச்சினை" என்று ஒரே பெயர் வைத்துவிட்டால், எதைச் சரிசெய்வது என்பதே தெரியாமல் போய்விடும். இங்கே அதுதான் நடந்திருந்தது.

உண்மையில் என்ன இருந்தது

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்களுக்கு என்ன வேலை சொல்லப்பட்டிருக்கிறது? அண்ணாச்சி சொன்னார், "பழைய ஆட்கள் ஒருத்தரையும் விட்டுரக்கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு." ஆய்வகப் பெண் சொன்னார், "நீர்ப்பான தேன் ஒரு கேன்கூட உள்ளே வரக் கூடாது என்று எம்.டி. சார் சொல்லியிருக்கார்." இரண்டையும் சொன்னது ஒரே ஆள். இரண்டு உத்தரவும் ஒரே கொட்டகையில் ஒரே காலையில் மோதின. ஒருவர் 61, இன்னொருவர் 25 என்பதால் அது தலைமுறை மோதலாகத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வயதாக இருந்திருந்தாலும் இதே சண்டை நடந்திருக்கும். தலைமுறை என்ற சொல் இங்கே யாருக்கு வசதியாக இருந்தது என்று பாருங்கள். மேலே இருப்பவரின் தெளிவின்மையைக் கீழே இருப்பவர்களின் வயதாக மாற்றிக் காட்டியது.

அடுத்தது, தேன் ஏன் நீர்ப்பாக வந்தது? ஆய்வகத்தில் எண் இருந்தது, காரணம் இல்லை. அண்ணாச்சியிடம் காரணம் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. அடையில் முக்கால் பங்காவது மெழுகால் மூடிய பிறகு எடுத்தால் தேன் கெட்டியாக இருக்கும். மூடாத அடையை எடுத்தால் நீர்ப்பு. இது இங்கே பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். தெரிந்தும் அவசரமாக எடுக்கிறார்கள், ஏனென்றால் மழைக்காலத்தில் சர்க்கரைக்கு வாங்கிய கடனைத் தை கடைசியில் கேட்பார்கள். ஒரு வாரம் காத்திருக்கக் கையில் பணம் இல்லை.

அண்ணாச்சி இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஆடி, ஆவணியில் நம்பிக்கையான ஆட்களுக்கு முன்பணம் கொடுப்பார். பருவத்தில் கொஞ்சம் நீர்ப்பாக வந்தாலும் எடுத்துக்கொள்வார். கெட்டியான தேனோடு கலக்கும்படி ஆலையில் சொல்லிவிடுவார். பழைய முதலாளி காலத்தில் இதற்கெல்லாம் வாய்மொழி அனுமதி இருந்தது. மகன் பொறுப்பேற்றதும், எல்லாம் வங்கிக் கணக்கு வழியாக, ரசீதோடு நடக்க வேண்டும் என்று முன்பணத்தை நிறுத்திவிட்டார். கணக்குப் பிரிவுக்கு அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது. முன்பணம் நின்ற அடுத்த பருவத்தில்தான் தேன் வழக்கத்தைவிட நீர்ப்பாக வந்தது, சரக்கும் திரும்பியது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி மீட்டரை ஏன் நம்பவில்லை என்பதற்கும் காரணம் தெரியவந்தது. கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வகைக் கருவியில் ஒரு சின்னத் துளை வழியாகப் பொடிப்பொடிக் கோடுகளைப் படிக்க வேண்டும். அவருக்குக் கண்புரை ஆரம்பம். கோடு தெரியவில்லை. எல்லார் முன்னாலும் தெரியவில்லை என்று சொல்ல மனம் வராமல், நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதை அவர் என்னிடம் சொன்னது திருவட்டாரில் சாயா குடிக்கும்போது. அலுவலகத்துக்குள் உட்கார்ந்து எத்தனை முறை கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நோட்டையும் அவர் யாரிடமும் காட்டுவதில்லை. ரகசியம் காக்கிறார், இளைஞர்களை வளரவிட மாட்டேன் என்கிறார் என்று புகார். அவர் நிலையிலிருந்து பாருங்கள். 58 முடிந்த பிறகு வருடா வருடம் வாய்மொழியாக நீட்டித்துத்தான் வேலையில் வைத்திருக்கிறார்கள், ஒரு தாள் கிடையாது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1000 ரூபாய்; அவருக்கு வருவது அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. நோட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற கேள்வி அவருக்கு இருந்தது. நியாயமான கேள்வி. அறிவைக் கைமாற்றுங்கள் என்று பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கும் நிறுவனங்கள், கைமாற்றிய பிறகு அவர்கள் நிலை என்ன என்பதை முதலில் எழுத்தில் தர வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு அந்த நடுவயதுப் பெண். எந்த நாள் நிரப்பிய பாட்டில் புளிக்கும் என்று அவருக்கு மூடியைத் திறக்கும்போது வரும் வாசனையிலேயே தெரிந்திருந்தது. தேதிவாரியாக ஒரு பழைய டைரியில் குறித்தும் வைத்திருந்தார். "யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். குமரி மேற்குப் பகுதியில் முப்பத்தைந்திலிருந்து ஐம்பது வயது ஆண்களில் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அதனால் இங்கே பல சிறு நிறுவனங்களில் மேலே வயதான ஆண்கள், கீழே படித்து முடித்த இளைஞர்கள், நடுவில் இருபது வருட அனுபவமுள்ள பெண்கள் என்ற அமைப்புதான். பழையவர், புதியவர் என்று இரண்டாகப் பேசும்போது வேலையைத் தாங்கிப் பிடித்திருக்கும் இந்த நடுவரிசை பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

செய்தவை

முதலில் நிர்வாக இயக்குநர் தன் இரண்டு உத்தரவுகளையும் ஒன்றாக்கினார். அதற்கு அவருக்கு மனம் வரக் கொஞ்ச நாள் ஆனது, அதையும் சொல்ல வேண்டும். 'எடு' அல்லது 'திருப்பு' என்ற இரண்டே வழி இருந்த இடத்தில் விலைப் படி வந்தது. 21 சதவீதம் வரை கூடுதல் விலை, 23 வரை அடிப்படை விலை, 25 வரை கொஞ்சம் பிடித்தம், அதற்கு மேல் எடுப்பதில்லை. இந்த எண்களை அண்ணாச்சியும் ஆய்வகப் பெண்ணும் தேன் கொடுப்பவர்கள் சிலரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ராஜினாமா கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

முன்பணம் மறுபடி வந்தது, இந்த முறை வங்கி வழியாகவும் ரசீதோடும். இரண்டு தவணை: ஒன்று மழைக்காலச் சர்க்கரைக்கு, இன்னொன்று தை கடைசியில். அந்த இரண்டாம் தவணைதான் இந்த ஆய்விலேயே பெரிய மாற்றம் என்பது என் கருத்து. கடன்காரனுக்குப் பதில் சொல்லப் பணம் கையில் இருந்ததால் அடை மூடும்வரை பைய இருந்து எடுத்தார்கள். அடுத்த பருவத்தில் 25க்கு மேல் போன கேன்கள் வெகுவாகக் குறைந்தன. விலகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், எல்லாரும் வரவில்லை.

கருவியை மாற்றினோம். எண் பெரிதாகத் தெரியும் டிஜிட்டல் வகை. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007இல் செய்துபார்த்தது இதே வழிதான். வயது கூடிய தொழிலாளர்களைக் கொண்ட ஒரு உற்பத்தி வரிசையில் மரத்தரை, உட்காரும் இருக்கை, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று சுமார் 70 சிறு மாற்றங்களைத் தொழிலாளர்களையே கேட்டுச் செய்தார்கள். ஒரே வருடத்தில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. செலவு மிகக் குறைவு. அண்ணாச்சி இப்போது தோட்டத்துக்குப் போகும்போது அந்தக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். பெட்டியடியிலேயே சொட்டு வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வருகிறார். கொட்டகையில் நடந்த சண்டை தோட்டத்திலேயே தீர்ந்துபோகிறது.

அவருக்கு இரண்டு வருட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. கொள்முதல் பாதி, கற்றுக்கொடுப்பது பாதி என்று வேலை பிரித்து எழுதினார்கள், சம்பளம் குறையவில்லை. கையெழுத்தான மறுவாரம் நோட்டு தானாக மேசைக்கு வந்தது. ஆய்வகப் பெண்ணும் ஒரு களப் பணியாளரும் அவரோடு பருவம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மூடிய அடையின் பங்கையும் மீட்டர் காட்டும் எண்ணையும் அந்தப் பெண் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தார். கண்ணால் பார்த்து அண்ணாச்சி சொன்ன மதிப்பு கருவியோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் மட்டும் அவர் கணிப்பு தவறியது. அதை அவரே நோட்டில் எழுதச் சொன்னார்.

அடைக்கும் பிரிவின் மேற்பார்வையாளருக்கு ஒவ்வொரு தொகுதியையும் வெளியே அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் தரப்பட்டது. சம்பளமும் உயர்ந்தது. அவர் சரி என்று கையெழுத்துப் போடாமல் லாரி கிளம்பாது.

சரியாகாதவை

இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வேலை சொல்லும் வழக்கம் முழுதாக நிற்கவில்லை. விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு இளைஞர் அதைக் காரணம் சொல்லியே போய்விட்டார். ஓட்டுநர்களில் ஒருவர் விநியோகச் செயலியைக் கற்றுக்கொள்ள மறுத்தார். அவருக்கு 38 வயதுதான்.

பெரிய விவகாரம் இத்தாலியத் தேனீ. அது ஒரு பெட்டிக்கு இந்தியத் தேனீயைவிடப் பல மடங்கு தேன் தரும். நிறுவனமே பெட்டிகள் வைக்கலாம் என்று இளைய களப் பணியாளர்கள் கேட்கிறார்கள். ஒக்கி புயலில் 2017இல் ரப்பர் மரங்கள் சாய்ந்ததிலிருந்து உள்ளூர் மேய்ச்சல் குறைந்த இடங்களும் உண்டு. வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய கூட்டங்கள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அண்ணாச்சி கடுமையாக எதிர்க்கிறார். வெளியூர்க் கூட்டம் உள்ளே வந்தால் நோயும் கூட வரும், ஒருமுறை பட்டது போதும் என்கிறார்.

இங்கேதான் மன்ஹைம் சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணாச்சியின் வயதுடைய கணக்காளர் இத்தாலியத் தேனீக்கு முழு ஆதரவு. அவர் வாழ்நாளில் பெட்டி வைத்ததில்லை. மாறாக, களப் பணியாளர்களில் 27 வயதுக்காரர் ஒருவர் அண்ணாச்சியைவிட அதிகமாகப் பயப்படுகிறார். நோயில் அவர் அப்பாவின் பெட்டிகள் மொத்தமாகப் போய், குடும்பம் ரப்பர் பால்வெட்டுக் கூலிக்கு இறங்கியது. அவர் பிறப்பதற்கு முன் நடந்த இழப்பு அது, ஆனாலும் அவர் வளர்ந்தது அந்தக் கதைக்குள்தான். பிறந்த வருடத்தை வைத்து இவர்களைப் பிரித்திருந்தால் ஒவ்வொருவரையும் தவறான பக்கத்தில் உட்கார வைத்திருப்போம்.

வாக்கெடுப்பு நடத்த வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக, இந்தியத் தேனீப் பெட்டிகள் இல்லாத ஒரு தோட்டத்தில் ஒரு வருடம் மட்டும் சில பெட்டிகளை வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. பெட்டி வருவதற்கு முன்பே இரு தரப்பும் எதைப் பார்த்தால் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதச் சொன்னபோது இரண்டு பக்கமும் திணறினார்கள், ஆனால் எழுதினார்கள். சர்க்கரை, வண்டிக் கூலி, தேனீயைத் தாக்கும் உண்ணிக்கு மருந்து எல்லாம் கழித்த பிறகு பெட்டிக்கு மிஞ்சும் பணம் இந்தியத் தேனீயைவிட இரண்டு மடங்காவது இல்லாவிட்டால் கோரிக்கையைக் கைவிடுகிறோம் என்று இளையவர்கள் எழுதினார்கள். இரண்டு மழையும் தாண்டி அடுத்த தை வரை புழு சாவு இல்லாமல் கூட்டங்கள் நின்றால், தானே தேன் கொடுப்பவர்களிடம் போய்ப் பேசுவதாக அண்ணாச்சி எழுதினார். பெட்டிகள் வரும் தை மாதம் இறங்குகின்றன. கணக்கை ஆய்வகப் பெண்ணும் அடைக்கும் பிரிவின் மேற்பார்வையாளரும் சேர்ந்து எழுதுவார்கள்.